எங்கள் வீட்டு ஆம்னியும் ஒரு குடம் தண்ணீரும்

ஊருக்குக் கிளம்புகிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பார்த்துக்கொள்ளும் பெண்களில் நானும் ஒருத்தி. ஒருத்தியாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அம்மா சொல்வாள், "இப்பத் தண்ணி குடிக்காதடி, நடுவழியில எங்க போவே?" என்று. கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அவளுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். ஆண்பிள்ளைகளுக்கு என்ன? பஸ் எங்கே நின்றாலும் ஒரு புளியமரம் போதும். நமக்கு அப்படியா? பஸ் நிலையத்துக் கழிப்பிடத்துக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனாலும், தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. ஆகவே குடிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று எனக்குப் புரிய வைத்தது என் மாமியாரின் உடம்பு. 2018-இல் விழுப்புரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. வழியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை அத்தை. மண்டபத்திலும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் குளிர் ஜுரம். நாலாம் நாள் காலை என் பெண்ணை, எப்போதோ செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் வெலவெலத்துப் போனோம். மூளையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓடினால், டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுக் கிருமித் தொற்று என்றார். தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கினால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகுமாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். நம்மைப் போன்றவர்களுக்கு எரிச்சல், அடிவயிற்று வலி என்று முன்னாலேயே தெரிந்துவிடும். வயதானவர்களுக்கோ அது எதுவும் இல்லாமல், திடீரென்று புத்தி தடுமாறுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்றார். வீட்டில் பெரியவர்கள் இருக்கிற சகோதரிகள் இதை மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே என்னை எங்கேயும் கூப்பிடாதீங்க."

மூன்று வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். கருமாரியம்மன் கோயில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம், அதோடு சரி. அவரைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவது? பிள்ளைகள் லீவில் சித்தி வீட்டுக்குப் போவார்கள், இவர் பட்டறைக்குப் போவார், நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வாசலில் ஒரு வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். சாமான்களை ஏற்றி இறக்க 2016-இல் பழைய மாருதி ஆம்னி ஒன்று வாங்கினார். 2009 மாடல், எட்டுப் பேர் உட்காருகிற தினுசு. சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து வாங்கியது. ஒரு வருஷம் வரைக்கும், வெயில் ஏறினால் உள்ளே சாம்பார் வாசனை வரும்! சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கு எப்போதும் வந்து நிற்பது இந்த வேன்தானே. என் பையன் அதற்குக் 'கடத்தல் வண்டி' என்றே பெயர் வைத்துவிட்டான். வாரத்தில் ஆறு நாள் இரும்பு சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும்.

2021-இல் ஊரடங்கெல்லாம் தளர்ந்த பிறகு, இங்கிலாந்தில் வேலையாக இருக்கும் என் அண்ணன் பையன் போனில் ஒரு போட்டோ அனுப்பினான். கடற்கரை ஓரமாக, மூக்கே இல்லாத தட்டை முகத்தோடு ஒரு பழைய வேன். கீழே பச்சை, மேலே வெள்ளை. பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். "வாடகைக்கு எடுத்தோம் அத்தை. ஐம்பது வருஷத்து வண்டி. ராத்திரி இதிலேயேதான் தூங்கினோம்" என்றான். ஐம்பது வருஷத்து வண்டிக்கு வாடகையா என்று சிரித்தேன். அங்கே அதற்குத்தான் கிராக்கியாம்.

பிறகு என் பெண் அந்த வண்டியின் கதையைப் படித்துச் சொன்னாள். 1947-இல் பென் பொன் என்ற டச்சு வியாபாரி தன் நோட்டில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து பிறந்த வேனாம். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1950-இல் அதைச் செய்யத் தொடங்க, அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்கிற கம்பெனி உள்ளே படுக்கை, அலமாரி, மடக்கு மேஜை எல்லாம் வைத்து, குட்டி வீடாகவே ஆக்கிவிட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் முடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் இந்த மாதிரி வேன்களிலும் பழைய பஸ்களிலும் ஏறிக்கொண்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நம் இந்தியா வரைக்கும் ஓட்டி வந்திருக்கிறார்கள். 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் யுத்தமும் வந்து அந்த வழி அடைபட்டது. பிரேசில் நாட்டில் மட்டும் அந்த வேனை 2013 கடைசி வரை செய்துகொண்டிருந்தார்களாம்.

நமக்கும் அப்படி வேன்கள் இருந்தனவே! பஜாஜ் டெம்போ கம்பெனியின் மெட்டடார் வேனை நாற்பது வயது தாண்டியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். என் தம்பிக்குத் திருப்பதியில் முடி இறக்க நாங்கள் போனது வாடகை மெட்டடாரில்தான். இருபத்தொரு பேர், இரண்டு தூக்குப் புளியோதரை, ஒரு பாய்ச் சுருள். அதிலும் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை என்பது இப்போது நினைத்தால் ஞாபகம் வருகிறது.

அண்ணன் பையன் அனுப்பிய போட்டோக்களில் ஒன்றில், சீட்டுக்கு அடியில் மூடி போட்ட டப்பா ஒன்று தெரிந்தது. "அது என்னடா?" என்று கேட்டேன். "அதுவா? அவசரத்துக்கு பாத்ரூம் அத்தை" என்றான். அடுப்பு, மேஜை, கடல் எதுவும் என் கண்ணில் நிற்கவில்லை. அந்த டப்பாதான் நின்றது.

அன்று ராத்திரியே இவரிடம் கேட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார். "வண்டிக்குள்ளேயேவா? சாமான் ஏத்துற வண்டி அது."

"ஏங்க, சாமானைவிட உங்க அம்மா கேவலமாப் போயிட்டாங்களா?"

பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே பட்டறையில் இரும்பு வளையத்துக்கு நாலு கால் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டு வந்துவிட்டார். அதன் மேலே மருந்துக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் இருக்கை. கீழே மூடியுள்ள வாளி. வாளியில் கொஞ்சம் தண்ணீரும் பினாயிலும் விட்டு வைத்தால் நாற்றம் வராது. ஜன்னல்களுக்கும், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலும் என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் திரை தைத்தேன். அவ்வளவுதான் சகோதரிகளே, மொத்தச் செலவு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள். வாளியை எங்கே கொட்டுவது என்று கேட்பீர்கள். ஏரிக்கரையிலோ சாலை ஓரத்திலோ கொட்டினால் நமக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பெட்ரோல் பங்குகளில் கழிப்பிடம் இலவசமாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே கொட்டிக் கழுவிக்கொண்டு வருவோம்.

படுக்கையும் பெரிய வித்தை இல்லை. எட்டுப் பேர் ஆம்னியில் பின்பக்கத்து இரண்டு சீட்டுகளும் எதிரெதிராகப் பார்த்தபடி இருக்கும். நடுவில் கால் வைக்கிற இடத்துக்கு மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, இலவம்பஞ்சு மெத்தையை விரித்தால் கட்டில். அத்தைக்கும் எனக்கும் என் பெண்ணுக்கும் தாராளம். இவர் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை ஆணி அடித்து இறுக்கவில்லை, சும்மா எடுத்துப் போடுவதுதான். பதிவுப் புத்தகத்தில் உள்ள அமைப்பை ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றுவது சட்டப்படி குற்றம். அது போக, வண்டி ஓடும்போது யாரும் படுக்கக் கூடாது. உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

எல்லாம் தயார். அத்தைதான் தயாராகவில்லை. "பூண்டி வரைக்கும்தான் அத்தை, சாயங்காலம் திரும்பிடலாம்" என்று இரண்டு வாரம் கெஞ்சினேன். கடைசியில் நானே அந்த ஏற்பாட்டை வாசலிலேயே உபயோகித்துக் காட்டினேன். திரையை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அத்தை சிரித்த சிரிப்பு! மூன்று வருஷத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

2021 டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பூந்தமல்லி, திருமழிசை, திருவள்ளூர் வழியாகப் பூண்டி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நவம்பரில் கொட்டிய மழையில் ஏரி நிரம்பிக் கடல் மாதிரி கிடந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-இல் திறந்த ஏரி. மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி, திறப்பதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் ஏரிக்கு வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் பாதிக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்திப் பக்கத்துக் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தோம். ஆம்னியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கதவுதான். திறந்துவிட்டால் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அத்தை காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏரியையே பார்த்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு திரும்பி, "அந்தக் குடத்துல கொஞ்சம் தண்ணி மொண்டு குடும்மா" என்றார். நானாக ஊற்றிக் கொடுக்கவில்லை, அவராகக் கேட்டார். நானும் ஒரு சொம்பு குடித்தேன். பிரயாணத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அதுதான் முதல் தடவை.

ஏரி கட்டினபோது முழுகிப்போக இருந்த திருவெண்பாக்கம் சிவன் கோயிலைப் பூண்டியிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போக, சுவாமி அவருக்கு ஊன்றுகோல் கொடுத்த தலம். அத்தை தன் கைத்தடியைத் தூக்கிக் காட்டி, "எனக்கு மெடிக்கல் ஷாப்புல குடுத்தான், அவருக்கு சாமியே குடுத்திருக்காரு" என்றார். பையனோ தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் கல் கோடாரிகளைப் பார்த்துவிட்டு வரவே மாட்டேன் என்றான். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் ஆயுதங்கள் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்கிறதாம். நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை இருக்க, லீவு என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று ஏங்கினேனே!

சாப்பாட்டு விஷயத்தில் நான் பழைய ஆள். கட்டுச்சாதத்தை மிஞ்சி எதுவும் இல்லை. புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும். தயிர் சாதத்துக்குச் சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை விட்டு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி வாழை இலையில் கட்டிவிடுவேன். டீ மட்டும் இவர் போடுவார். சின்ன ஸ்டவ் ஒன்று உண்டு. அதை வண்டியிலிருந்து தள்ளி, வெளியில் தரையில் வைத்துத்தான் பற்ற வைப்பது. வேனுக்குள் அடுப்பு மூட்டுவதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். அந்த டீ ருசியா என்று கேட்டால், சர்க்கரை ஜாஸ்தி. ஆனால் நான் உட்கார்ந்த இடத்துக்கு வருகிறதே!

எல்லாம் சுகம் என்று சொன்னால் பொய். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் முன்னால் உட்கார்ந்தால் இட்லிப் பானை மேல் உட்கார்ந்த மாதிரிதான். அதனால் ஆவணியிலிருந்து மாசி வரைதான் எங்கள் பிரயாணம். ஒரு தடவை பொன்னேரிக்கு முன்னால் எஞ்சின் சூடேறிப் புகை வந்து நின்றது. இவர் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க மறந்திருந்தார். மனுஷிக்குக் குடம் நிறைய எடுத்து வந்தோம், வண்டிக்கு ஊற்றவில்லை என்று அத்தை விடாமல் கேலி செய்தார். தள்ளு கதவில் குழந்தைகள் விரலைக் கொடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை. வெயிலில் மூடிய வண்டிக்குள் 'ஐந்து நிமிஷம்தானே' என்று குழந்தையை விட்டுவிட்டுப் போகவே கூடாது; ஐந்து நிமிஷத்தில் உள்ளே உலையாகிவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேரளாவில் 2021-இல் சுற்றுலாவுக்காகவே காரவான் வண்டிகளை அனுமதிக்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். ஏ.ஸி., சமையலறை, குளியலறை என்று சகல சௌகரியமும் உள்ள வண்டிகள். 2024 டிசம்பரில் அங்கே வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு காரவானுக்குள் இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஏ.ஸி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் விஷப் புகை உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கார்பன் மோனாக்சைடு என்கிற அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஆகவே எங்கள் வேனில் தூங்கும்போது எஞ்சின் ஓடாது. பக்கத்துக் கதவு பாதி திறந்திருக்கும், அதற்குக் கொசுவலை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று வரும், கொசு வராது. (கொஞ்சம் வரும்.)

ராத்திரி தங்குவது எப்போதாவதுதான். பழவேற்காட்டுக்குப் போனபோது தங்கினோம். வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர், அங்கிருந்து பொன்னேரி. தெரிந்தவர் வீட்டுத் தோப்பில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு நிறுத்தினோம். கண்ட இடத்தில் நிறுத்திப் படுப்பது பெண்களோடு போகிறவர்களுக்கு ஆகாது. நாங்கள் மூன்று பெண்கள் வண்டிக்குள், இவரும் பையனும் வெளியே கயிற்றுக் கட்டிலில். விடியற்காலை ஏரியில் பூநாரைகள் வரிசையாக நின்றன. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய ஊர் என்று பெண் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுராத்திரி அத்தை இரண்டு தடவை எழுந்தார், என்னை எழுப்பவில்லை. திரையை இழுத்துக்கொண்டு தானே பார்த்துக்கொண்டார். கல்யாண வீடுகளில் ராத்திரி இருட்டில் என் தோளைத் தட்டி, கூச்சத்தோடு "கொஞ்சம் வாம்மா" என்பாரே, அந்த அத்தைதான் இவர்.

2024-இல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் முன்னே 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து பழைய கார்களுக்கு 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. எஃப்.சி.க்குக் காட்டுவதற்கு முன்னால் பிரேக், டயர், துரு பிடித்த தகடு என்று பட்டறையில் சொன்ன தொகையைக் கேட்டு இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வித்துடலாம்பா, தவணையில புது வண்டி எடுக்கலாம்" என்றான் பையன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆம்னிக்கு முன்பக்கம் மூக்கு இல்லை, இடித்தால் அடி நேரே நமக்குத்தான். 1984-இல் வந்த வண்டியை 2019-இல் நிறுத்தினதே புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அது ஒத்துவராததால்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை, ராத்திரியில் ஓட்டுவதில்லை என்று நாங்கள் வைத்திருப்பதும் அந்தப் பயத்தில்தான். ஆனால் தவணையில் வரும் புதுக் காரில் அத்தையின் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. மூன்றாம் நாள் அத்தை சுருக்குப் பையை அவிழ்த்துப் பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை இவர் கையில் வைத்தார். "என்னோட டிக்கெட்டு காசு இது. எடுத்துக்க" என்றார். இவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அத்தை விடவில்லை. இப்போது 2029 வரைக்கும் பதிவு இருக்கிறது.

போன தை மாதம் வேடந்தாங்கல் போனோம். கிளம்புகிற அன்று நான் இட்லியைக் கட்டிக்கொண்டிருக்க, அத்தை நமக்கு முன்னால் வண்டியில் ஏறி, தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"ஏம்மா, குடத்துல தண்ணி ரொப்பியாச்சா?"